ஏறி இறங்கியவர்களின் கூட்டம்



எங்கள் பண்டத்தரிப்புப் பக்கத்துக் கோயில்களில் தேரன்று விடியக்காலையில் ஒரு காட்சி காணலாம். முதல்நாள் இரவு சுவாமி உலாவுக்கென்று கட்டி ஊரே அண்ணாந்து பார்த்த சப்பறம் வீதியோரத்தில் அரைகுறையாக நிற்கும். கமுகஞ்சிலாகை ஒரு பக்கம், கிழிந்த வண்ணக் கடதாசி இன்னொரு பக்கம், சுருட்டிப் போட்ட வயர் வேறொரு பக்கம். தேர் பார்க்க வந்த சனம் அதைத் திரும்பியும் பாராமல் வடத்தைத் தேடிப் போகும். மதகடியில் மட்டும் மூன்று நான்கு கிழவர்கள் குந்தியிருந்து கதைத்துக்கொண்டிருப்பார்கள்.

"இந்த முறை உச்சி சிறுத்துப் போச்சு."

"பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்திலை இழுத்த சப்பறத்துக்கு இது கிட்டவும் வராது."

"அது அறுபத்திரண்டிலையோ, மூண்டிலையோ?"

இப்படியே வெயில் ஏறும்வரை போகும். வேலைவெட்டி இல்லாதவர்களின் பேச்சு என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். அந்த நினைப்பைத் திருத்தியது ரொறன்ரோவில் நான் கண்ட ஒரு கூட்டம். இன்றைய உரை அதைப் பற்றியது.

சென்ற பனிகாலத்தில் தங்கை வீட்டில் தங்கியிருந்தேன். ஒருநாள் மருமகன் வந்து, "மாமா, சனிக்கிழமை ஒரு கூட்டம் இருக்கு, வாறியளோ?" என்றான்.

"என்ன, ஊர்ச் சங்கமோ?"

"இல்லை மாமா. ரோலர் கோஸ்டர் ஆக்கள்."

பகிடி விடுகிறான் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் உண்மைதான். வெளியே முழங்காலளவு பனி. உள்ளே ஒரு சாதாரண மண்டபம், மடக்குக் கதிரைகள், தேநீர், பெரிய திரை. சுமார் அறுபது பேர். பள்ளிப் பையனும் இருந்தான், ஊன்றுகோல் பிடித்த பாட்டியும் இருந்தார். தொப்பி நிறையச் சின்னச் சின்ன ஊசிச் சின்னங்கள். அறிமுகமான உடனே அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை?" வயதும் கேட்பதில்லை, பிள்ளைகளும் கேட்பதில்லை. எத்தனை ரோலர் கோஸ்டரில் ஏறி இறங்கியிருக்கிறாய் என்பதுதான் கேள்வி. அந்தப் பாட்டி நானூறைத் தாண்டியவராம். என் கணக்குப் பூச்சியம் என்றேன். அவர் என் கையைப் பிடித்து, "உங்களுக்கு எல்லாமே இனித்தான்" என்று பொறாமைப்பட்டார்.

இந்தப் பழக்கம் எப்படி உண்டாயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1977 இல் அமெரிக்காவில் ரோலர் கோஸ்டரை வைத்து ஒரு திரைப்படம் வந்தது. அதன் விளம்பரத்துக்காக வெர்ஜீனியாவின் கிங்ஸ் டொமினியன் பூங்காவில் தொடர் சவாரிப் போட்டி ஒன்று நடத்தினார்கள். அங்கே சந்தித்துக்கொண்ட சிலர் அடுத்த ஆண்டு, 1978 இல், அமெரிக்கன் கோஸ்டர் என்தூசியாஸ்ட்ஸ் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். இன்றும் ஆண்டுதோறும் கோடையில் அவர்களுடைய மாநாடு நடக்கிறது. மாநாட்டுக்காரருக்காகப் பூங்காக்கள் பொதுமக்கள் வருமுன்னமோ அவர்கள் போன பின்னோ தனியாகச் சவாரி ஓட்டுகின்றன. பொறி அறைக்குள்ளே கூட்டிப்போய்க் காட்டுகின்றன. பூங்காக்கள் பூட்டிக்கிடக்கும் பனிகாலத்தில் நான் போனதுபோன்ற மண்டபக் கூட்டங்கள். ஏறுவதற்கு ஒன்றும் இல்லாத நாளில் ஏறியதைப் பற்றிக் கதைக்கிற கூட்டம்.

முதல் அமர்வு, புதிதாக வந்ததைப் பற்றியது. ரொறன்ரோவுக்கு வடக்கே வோன் நகரில் கனடாஸ் வொண்டர்லாண்ட் என்ற பெரிய பூங்கா இருக்கிறது. கனடாவில் பிள்ளைகள் இருக்கும் நேயர்களுக்கு அதன் படமாவது கைப்பேசியில் வந்திருக்கும். நடுவிலே செயற்கை மலை, அதிலிருந்து விழும் அருவி. 2012 இல் அங்கே லெவயதன் என்ற ரோலர் கோஸ்டரைக் கட்டினார்கள். 93 மீற்றர் உயரம், நாலு பனையை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்ததுபோல. 2025 கோடையில் வந்தது அல்பன்ஃபியூரி. அது மலைக்குள்ளிருந்தே சீறி மலையுச்சியால் வெளியே பாய்கிறது. 50 மீற்றர் உயரம், மணிக்கு 115 கிலோமீற்றர் வேகம், ஒன்பது தரம் தலைகீழாகப் புரட்டல்.

பூங்காக்காரரின் விளம்பரத்தில் இருப்பதும் இவ்வளவுதான். மண்டபத்தில் இருந்தவர்களோ அதற்கு மேலே போனார்கள். ஒருவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, மலையின் முகம் எங்கே மாறியிருக்கிறது என்று கோல் வைத்துக் காட்டினார். புதியது நன்றாக இருக்கிறது, ஆனால் மலையைப் பார்த்து நிற்பதற்கு இருந்த அமைதி போய்விட்டது என்று ஒருவர் சொன்னார். மலை சும்மா நின்றால் நாளைக்கு இடித்துவிடுவார்கள், வேலை கொடுத்தபடியால் பிழைத்தது என்று மற்றவர் மறுத்தார். கோபுரத்துக்குப் புது வர்ணம் பூசும்போது எங்கள் பரிபாலன சபைகளில் எழும் அதே வழக்கு. ஒரு வித்தியாசம், அங்கே ஒருவர் பேசி முடியும்வரை மற்றவர் காத்திருந்தார்.

இரண்டாவது அமர்வுதான் என்னைக் கதிரையில் கட்டிப்போட்டது. ஒன்ராறியோவில் ஈரி ஏரிக்கரையில் கிறிஸ்டல் பீச் என்று ஒரு பூங்கா 1888 முதல் இருந்தது. எதிர்க்கரை அமெரிக்காவின் பஃபலோ நகரம். அங்கிருந்து சனம் கப்பலேறி வருமாம். 1927 இல் அங்கே சைக்ளோன் என்ற ரோலர் கோஸ்டரைக் கட்டினார்கள். இறங்குகிறவர்கள் மயங்கி விழக்கூடும் என்று மேடையில் ஒரு தாதியை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. 1946 இல் அதைக் கழற்றினார்கள். கழற்றிய இரும்பை எறியவில்லை. அதைக்கொண்டு கோமெட் என்ற புதியதைக் கட்டி 1948 இல் ஓடவிட்டார்கள். 1989 இல் பூங்காவே பூட்டப்பட்டு ஏலத்துக்கு வந்தது. கோமெட்டை இரண்டு இலட்சத்துப் பத்தாயிரம் டொலருக்கு அமெரிக்கப் பூங்கா உரிமையாளர் ஒருவர் வாங்கினார். துண்டு துண்டாகக் கழற்றி எல்லை தாண்டிக் கொண்டுபோய் வைத்திருந்து, 1994 இல் நியூயோர்க் மாநிலத்தில் லேக் ஜோர்ஜ் பக்கத்துப் பூங்காவொன்றில் மறுபடி நிறுத்தினார்கள். பிறந்த பூங்கா இருந்த இடத்தில் இப்போது வீடுகள்.

திரையில் படம் மாறிக்கொண்டிருந்தது. இடம்பெயர்ந்து, களஞ்சியத்தில் கிடந்து, வேற்றூரில் மீளக்குடியேறிய ஒரு பொருளின் கதையை யாழ்ப்பாணத்தான் எப்படி வெறும் பொழுதுபோக்காகக் கேட்பான்? மருமகனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் கனடாவில் பிறந்தவன். அவனுக்கு அது பொறியியல்.

பேச்சு முடிய, மேசையில் வைத்திருந்த ஒரு பொருளைக் கைக்குக் கை அனுப்பினார்கள். பழைய மரப் பாதை ஒன்றின் ஒரு முழத் துண்டு. பலகைகளை அடுக்கடுக்காக ஒட்டி மேலே தட்டை இரும்புப் பட்டி பதித்திருந்தது. கிறீஸ் மணம் இன்னும் போகவில்லை. பாரத்தைத் தாங்குகிற சில்லு மேலே ஓடும், பக்கவாட்டில் விலகாமல் பிடிக்கிற சில்லு ஓரத்தில் ஓடும், வண்டி மேலே கிளம்பிப் பறந்துவிடாமல் இழுத்துப் பிடிக்கிற மூன்றாவது சில்லு பாதைக்குக் கீழே ஓடும். அந்த மூன்றாவது சில்லுக்கு ஜோன் மில்லர் என்பவர் 1919 இல் காப்புரிமை பெற்றபிறகுதான் பயமின்றி உயரமாகக் கட்டத் தொடங்கினார்கள். இப்படியான மரப் பாதையில் ஓடும் வண்டிக்கு இயந்திரம் கிடையாது. சங்கிலி உச்சிவரை இழுத்துக் கொடுக்கும். பிறகு முழுவதையும் ஓட்டுவது அதன் சொந்தப் பாரம்தான். பழைய நாளில் நிறுத்துவதற்கு ஆளுயர மரக் கைபிடியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பாராம். வேகத்தைக் கண்ணால் அளந்து, ஆள்நிறையை மனத்தால் அளந்து இழுக்கவேண்டும். எங்கள் தேரில் முட்டுக்கட்டை போடுகிறவரின் வேலை அது. பூங்காவில் அப்படி நின்ற ஒருவருடைய படத்தையும் திரையில் காட்டினார்கள், பெயரோடு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை நின்றார் என்ற குறிப்போடு.

எங்கள் தேர்முட்டியில் எத்தனை பேர் முட்டுக்கட்டை போட்டு விரல் நசுங்கியிருப்பார்கள்! ஒருவர் பெயராவது எங்காவது எழுதியிருக்கிறதா என்று எண்ணினேன்.

நேயர்களே, இந்தப் பழக்கத்தின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. ரசிகன் என்றால் கைதட்டுகிறவன் என்று நினைக்கிறோம். இவர்கள் கைதட்டியதோடு வீட்டுக்குப் போகவில்லை. ரிக்கெற்றின் அடிக்கட்டையை, பூங்கா வரைபடத்தை, கழற்றிய ஆணியைச் சேர்த்து வைத்தார்கள். நியூயோர்க்கின் கோனி ஐலண்டில் 1927 முதல் ஓடும் இன்னொரு சைக்ளோனை எழுபதுகளில் இடிக்கப் பார்த்தார்கள், பக்கத்து மீன்காட்சிச்சாலையைப் பெருப்பிப்பதற்காக. சனம் எதிர்த்து நின்றது. 1988 இல் அது நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமாயிற்று. இன்றும் ஓடுகிறது.

குறையும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். "எத்தனை?" என்ற கேள்வி சிலரைப் பிடித்தாட்டுகிறது. எண்ணிக்கைக்காகக் குழந்தைகள் ஏறும் சின்னஞ்சிறு வண்டியிலும் முழங்காலை மடித்து ஏறிவிட்டு, என்ன கண்டாய் என்றால் விழிப்பவர்கள் இருக்கிறார்கள். நூறு கோயில் போய் ஒரு சிற்பத்தையும் நின்று பாராதவர் எங்களிடமும் உண்டு.

இன்னொன்று, கூட்டத்தைக் கூட்டுவது யார் என்பது. டிஸ்னி நிறுவனம் 2009 இல் டி 23 என்று தானே ரசிகர் சங்கம் தொடங்கி மாநாடு நடத்துகிறது. நிறுவனம் பிறந்த 1923 ஐக் குறிப்பது அந்த 23. 2024 ஓகஸ்டில் கலிபோர்னியாவில் நடந்த மாநாட்டில் புதிய பகுதிகளை ஒவ்வொன்றாக அறிவிக்க, அரங்கு எழும்பி நின்று ஆர்ப்பரித்தது. அந்தப் புதியவற்றுக்கு இடம் விடுவதற்காக, புளோரிடாப் பூங்காவில் 1971 முதல் இருந்த செயற்கை ஆற்றையும் அதன் தீவையும் 2025 யூலையில் மூடினார்கள். கைதட்டியவர்களில் பலர் பிறகு ஆற்றங்கரையில் நின்று அழுதிருப்பார்கள். விற்பவர் மேடை போட்டால் விரிவாக்கம்தான் பேச்சாக இருக்கும், இழந்ததைப் பேச நேரம் இராது. மடக்குக் கதிரை மண்டபத்தில் அந்த இரண்டையும் பேசினார்கள். என் தீர்ப்பு மண்டபத்தின் பக்கம்.

தமிழர் இடங்களுக்கும் இது பொருந்தும். போர்க்காலத்தில் சென்னையில் அடைக்கலம் தேடியவர்களுக்கு வி.ஜி.பி. தங்கக் கடற்கரை நினைவிருக்கும். வாசலில் இமைகூட அசையாமல் நின்ற சிலை மனிதரைச் சிரிக்கவைக்கப் பார்த்துத் தோற்றிருப்பீர்கள். 1995 இல் தாம்பரம் பக்கத்தில் கிஷ்கிந்தா வந்தது. தொடங்கியவர் நவோதயா அப்பச்சன், இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படத்தை 1984 இல் தயாரித்தவர். சினிமாக்காரர் கட்டிய பூங்காவின் கதை சும்மா கதையா? அதைச் சொல்ல ஒரு சனிக்கிழமை மண்டபம் தமிழில் இருக்கவேண்டாமா?

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மருமகன் வொண்டர்லாண்ட் திறந்த திகதியைச் சொன்னான். 1981 மே 23. எனக்கு அந்த ஆண்டும் மாதமும் வேறொன்றுக்காகத்தான் தெரியும். அந்தப் பூங்கா திறந்து பத்து நாளுக்குள் எங்கள் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 97,000 நூல்கள். அங்கே ஒரு ராட்டினத்தின் ரிக்கெற்றைக்கூட உறையில் போட்டு வைத்திருக்கிறார்கள். இங்கே கையெழுத்துப் பிரதிகளே சாம்பலாயின. எரிக்கப்பட்டதற்கு நாங்கள் பொறுப்பில்லை. எழுதாமல் விட்டதற்கு யார் பொறுப்பு?

எரிந்தவை போக, எங்கள் கோயில்களில் மரத்தில் செய்தவை சில தப்பி நிற்கின்றன. பெரிய சன்னியாசியார் என்பவரின் முயற்சியால் எழுந்த, சுவாமியை ஏற்றும் இணுவில் உலகப்பெருமஞ்சம் இன்றும் தைப்பூசத்தன்று இழுபடுகிறது. சப்பறம் அப்படி இல்லை. கட்டுவதே பிரிப்பதற்காக. ஆகவே அதற்கு நினைவுதான் கொட்டகை. அந்த நினைவு இப்போது மதகடியில் குந்தியிருக்கிறது, ஆண்டுக்கு ஆண்டு ஒருவர் குறைய.

ஆகையால் என் வேண்டுகோள் சிறியது. இந்த முறை உங்கள் கோயிலில் சப்பறம் இழுத்த மறுநாள் காலை, பிரித்து முடிக்குமுன்னம் போய் நில்லுங்கள். எத்தனை தட்டு, என்ன மரம், யார் கட்டினார், முட்டுக்கட்டை யார் போட்டார் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். வீட்டிலுள்ள பழைய படத்தின் பின்புறம் ஆண்டைக் குறியுங்கள். திருவிழா முடிந்த ஒரு சனிக்கிழமை சனசமூக நிலையத்தில் கதிரை போட்டு, அந்தக் கிழவர்களை முன்வரிசையில் இருத்துங்கள். அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்யக் கைப்பேசி போதும். 2005 முதல் எங்கள் ஏடுகளை எண்ணிமமாகச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.

அறுபத்திரண்டோ மூன்றோ என்ற வழக்கு எங்கள் ஊரில் இன்னும் தீரவில்லை. தீர்க்கக்கூடியவர்கள் இப்போது இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். நான் நாளைக்கே போகிறேன்.