வாங்கிய புத்தகம் யாருக்குச் சொந்தம்?

(ஆசிரியர்களும் நூலக ஊழியர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று அமெரிக்க நாட்டுப் பாடப்புத்தக வியாபாரத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். அந்த நாட்டிலே பல பாடப்புத்தகங்களுக்கு 'ஆசிரியர் பதிப்பு' என்று ஒன்று உண்டு. பக்கத்தின் நடுவிலே மாணவன் படிக்கும் பாடம் இருக்கும். அதைச் சுற்றி ஓரங்களிலே கணக்குகளுக்கு விடை, வகுப்பிலே கேட்கவேண்டிய கேள்விகள், பாடம் நடத்தும் முறை எல்லாம் அச்சிட்டிருக்கும்.

இந்தப் புத்தகத்தை ஒருவர் நியாயமாகக் காசு கொடுத்து வாங்குகிறார். தம் வேலை முடிந்ததும் இன்னொருவருக்கு விற்க விரும்புகிறார். விற்கலாமா, கூடாதா? கேள்வி சிறியதுதான். ஆனால் இந்தச் சிறு கேள்விக்குள்ளே பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே இந்தப் பதிப்பு யாருக்குத் தேவை? பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கும் பெற்றோருக்குத் தேவை. அமெரிக்காவில் இது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட முறை. 2003-ம் ஆண்டுக் கணக்கின்படி சுமார் 11 லட்சம் குழந்தைகள் இவ்வாறு படித்தார்கள். இந்தப் பெற்றோரில் பலர் ஆசிரியப் பயிற்சி பெறாதவர்கள். அல்ஜீப்ரா கற்பிக்க உட்காரும் ஒரு தாய்க்கு, மகன் போட்ட கணக்கு சரியா தவறா என்று சொல்ல அந்தப் பதிப்பே துணை. புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது. ஆகவே பழைய பிரதியைத் தேடுகிறாள். வீட்டிலிருந்தபடியே பழைய பொருளை விற்கவும் வாங்கவும் 'ஈபே' என்னும் இணையச் சந்தை அவளுக்கு வசதியாக இருந்தது.

2006-ம் ஆண்டில் அந்தச் சந்தை ஒரு விதியைக் கொண்டுவந்தது. ஆசிரியர் பதிப்புகளையும் விடை நூல்களையும் இங்கே விற்கக்கூடாது என்றது அந்த விதி. வீட்டில் கற்பிக்கும் பெற்றோர் கொதித்தெழுந்தார்கள். அவர்கள் கோபம் நியாயமல்லவா?

தடைக்கு ஆதரவாக என்ன சொல்லப்படுகிறது? விடைகள் மாணவர் கைக்குப் போனால் பரீட்சையிலும் வீட்டுப் பாடத்திலும் மோசடி நடக்கும் என்பதே வாதம். இதை நாம் அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. ஆசிரியர்களாகிய உங்களுக்கே அந்தக் கவலை உண்டு. விடையைப் பார்த்து எழுதுகிற மாணவன் முதலில் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறான். ஆனால் சில மாணவர்கள் ஏமாற்றுவார்கள் என்பதற்காக, மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை வாங்கும் தாயையும் சேர்த்துத் தண்டிப்பதா? மோசடிக்கு மருந்து என்ன? ஆசிரியர் தாமே கேள்வி தயாரிக்க நேரம் வேண்டும்; வகுப்பிலே மாணவர் எண்ணிக்கை குறைய வேண்டும். அதற்குப் பணம் செலவாகும். புத்தக விற்பனையைத் தடுப்பதற்கோ யாருக்கும் ஒரு காசு செலவில்லை!

சட்டம் என்ன சொல்கிறது? 1908-ம் ஆண்டில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் ஒரு வழக்கு முடிவாயிற்று. ஒரு நாவலைப் பிரசுரித்த கம்பெனி, "ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக்கூடாது" என்று புத்தகத்திலேயே அச்சிட்டிருந்தது. நியூயார்க்கில் ஒரு பெரிய கடை அதை 89 செண்டுக்கு விற்றது. பிரசுரகர்த்தர் வழக்குப் போட்டுத் தோற்றார். ஒரு தடவை விற்றுவிட்ட பிரதியின் மீது பிரசுரகர்த்தருக்கு இந்தப் பிடி கிடையாது என்பதே தீர்ப்பின் சாரம். 1976-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 109-வது பிரிவிலும் இதே கொள்கை இருக்கிறது.

இன்னொரு வழக்கைக் கேளுங்கள். தாய்லாந்திலிருந்து படிக்க வந்த சுபாப் கிர்ட்சாங் என்ற மாணவர், தம் நாட்டிலே மலிவாகக் கிடைத்த ஆங்கிலப் பாடநூல்களை உறவினர் மூலம் தருவித்து அமெரிக்காவில் விற்றார். ஒரு பெரிய பிரசுரக் கம்பெனி வழக்குப் போட்டது. கீழ்க்கோர்ட்டில் ஜூரிகள் 6 லட்சம் டாலர் நஷ்டஈடு விதித்தார்கள். 2013-ல் சுப்ரீம் கோர்ட் 6-க்கு 3 என்ற கணக்கில் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது.

"விற்பனைக்கு அல்ல" என்று முத்திரை குத்தினால்? இலவசமாக அனுப்பப்பட்ட இசைத்தட்டுகளைப் பற்றி அப்படியும் ஒரு வழக்கு வந்தது. கேளாமலே அனுப்பிவைத்து, திரும்பக் கேட்காமலும் விட்ட பிறகு அந்த முத்திரை செல்லாது என்று 2011-ல் மேல்முறையீட்டுக் கோர்ட் ஒன்று கூறியது.

அப்படியானால் சங்கடம் எங்கே? சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சந்தைக்காரன் பூட்டுப் போட்டுவிட்டான்! தன் கடையில் எதை விற்பது என்று தீர்மானிக்கும் உரிமை கம்பெனிக்கு உண்டு என்பார்கள். உண்மைதான். ஊரிலே நூறு கடை இருந்தால் அந்தப் பேச்சு சரி. தேசம் முழுவதும் ஒரு சில சந்தைகளுக்குள் அடங்கிவிட்டால், கடைக்காரன் போடும் விதி சட்டசபை போட்ட சட்டத்தையே விழுங்கிவிடுகிறது. அதை எதிர்த்து ஓட்டுப் போட முடியுமா?

இதிலே யாருக்கு லாபம்? பழைய புத்தகம் ஒன்று கைமாறினால் பிரசுரகர்த்தருக்கு ஒரு காசும் கிடைப்பதில்லை. அமெரிக்க சர்க்காரின் தணிக்கை அலுவலகம் 2005-ல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள்: 1986 முதல் 2004 வரை கல்லூரிப் பாடநூல் விலை 186 சதவிகிதம் உயர்ந்தது, அதே காலத்தில் பொதுவான விலைவாசி உயர்ந்தது 72 சதவிகிதம். பழைய புத்தகத்தை ஏழை மாணவன் ஏன் தேடுகிறான் என்று இனியும் விளக்க வேண்டுமா?

இப்போது பூட்டு இன்னும் உள்ளே போய்விட்டது. 2019-ல் பியர்சன் கம்பெனி, அமெரிக்கக் கல்லூரிப் பாடநூல்களில் மின்னணுப் பதிப்புக்கே முதலிடம் என்று அறிவித்தது. வாங்கிய மின்னணுப் பாட்டுக் கோப்பை மறுவிற்பனை செய்யும் முறை ஒன்றை 2018-ல் மேல்முறையீட்டுக் கோர்ட் சட்டவிரோதம் என்றது. விற்கும்போது புதுப் பிரதி உண்டாகிறது என்பது காரணம். காகிதப் புத்தகத்தை விற்கலாம், தம்பிக்குக் கொடுக்கலாம், நூலகத்துக்குத் தரலாம். சந்தா கட்டிப் படிக்கும் புத்தகமோ, கெடு முடிந்ததும் கண்ணுக்கு முன்னே மறைந்துவிடுகிறது.

தோழர்களே! திருட்டுப் பிரதியைத் தடுக்கட்டும். பள்ளிக்கூடச் சொத்தைத் திருடி விற்பவனைத் தண்டிக்கட்டும். நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய புத்தகம் வாங்கியவனுக்கே சொந்தம். சட்டம் கொடுத்த இந்த உரிமையைச் சந்தை பறிக்கக்கூடாது. புத்தகத்தின் ஓரத்திலே அச்சிட்ட விடையைப் பார்த்துத் தன் குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் தாய் குற்றவாளி அல்ல. அவளும் ஓர் ஆசிரியை. ஆசிரியர்களாகிய நாம் அவள் பக்கம் நிற்பதே நியாயம்.