பழுப்பு நிலக்கரி பூமிக்குள்ளேயே கிடக்கட்டும்!



கரிப்புகையைக் குறைக்கணும்னா அது ஏதோ வெளிநாட்டு மாநாட்டுச் சமாச்சாரம்னு நினைக்கிறோம். இல்லீங்க, அது நம்ம கிணத்துத் தண்ணி சமாச்சாரம். நெய்வேலியில் நிலத்தடி நீரை ராப்பகலாக இறைத்துக் கொட்டினால்தான் சுரங்கமே வெட்ட முடியும். வெட்டாத மண்ணில் ஊற்று நிற்கும், நெல் விளையும். மோட்டார் ஓட்ட வெயில் இருக்கிறது. 2019-இல் வந்த பி.எம். குசும் திட்டத்தில் சோலார் பம்புக்கு மானியமும் உண்டு. (அதைச் சாக்காக வைத்து இலவச மின்சாரத்தில் கை வைத்தால் விடமாட்டோம்.)

தடை எங்கே? 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டார்கள். தடைப் பட்டியலில் எண்ணெய், எரிவாயு இருந்தது, நிலக்கரி இல்லை! 2023 மார்ச்சில் தஞ்சை மாவட்டம் வடசேரியையே மத்திய அரசு ஏலத்தில் வைத்தது. டெல்டா கொதித்தது, ஏப்ரலில் விலக்கினார்கள். விலக்கியது அறிவிப்புதான், சட்டமல்ல. நிலக்கரியையும் அந்தப் பட்டியலில் எழுது என்கிறோம்!