ஒட்டகத்தைக் கட்டுவோம்

 

சென்ற மாதம் ஜும்ஆ தொழுகைக்குப் பின் ஒரு தந்தை என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், என் மகளுக்கு நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் அதிகம். மருத்துவர் காய்ச்சல் தடுப்பூசி போடச் சொல்கிறார். பலவீனமான இதயம் ஊசியைத் தாங்காது என்கின்றனர் உறவினர்கள். அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டிவிட்டு இருந்துவிடலாமா?" என்று கலங்கினார்.

சகோதரர்களே! இதயத்தின் வலப்பாகம் நுரையீரலுக்கு இரத்தத்தை அனுப்புகிறது. அந்த வழி குறுகிவிட்டால் வலப்பாகம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியாக உழைத்துக் களைக்கிறது. அந்நிலையில் இன்ஃபுளுயென்சாவோ நிமோனியாவோ தாக்கினால், நம்மைச் சில நாட்கள் படுக்க வைக்கும் நோய் அவர்களுடைய உயிருக்கே ஆபத்தாகிவிடும். எனவேதான் ஐரோப்பிய இதயவியல், சுவாசவியல் கழகங்கள் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இந்நோயாளிகளுக்கு இன்ஃபுளுயென்சா, நிமோகாக்கஸ், கோவிட் தடுப்பூசிகளைப் பரிந்துரைத்துள்ளன.

ஊசியாகப் போடப்படும் இன்ஃபுளுயென்சா தடுப்பு மருந்தில் உயிருள்ள கிருமி இல்லை. ஆகவே அது அக்காய்ச்சலை உண்டாக்காது. கைவலி, உடல்வலி, இலேசான காய்ச்சல் ஓரிரு நாட்கள் இருக்கலாம். மூக்கில் தெளிக்கும் வகையில் வலுவிழந்த உயிர்க்கிருமி உண்டு. இத்தகைய நோயாளிகள் ஊசியையே கேட்டுப் பெறவேண்டும்.

கவனிக்க வேண்டியவையும் உள்ளன. முன்பு ஏதேனும் தடுப்பூசியால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் அதை மறைக்காதீர்கள். வார்ஃபாரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்வோர் முன்கூட்டியே கூறினால், மெல்லிய ஊசியால் குத்துவார்கள். பின்னர் அவ்விடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடங்களேனும் அழுத்திப் பிடிக்கவேண்டும். உடனே எழுந்து செல்லாமல் சிறிது நேரம் அங்கேயே அமர்ந்திருங்கள். வழக்கமான மருந்துகளை அன்றும் நிறுத்தக்கூடாது. கடும் காய்ச்சல் இருக்கும்போது, மருத்துவரைக் கேட்டு நாளைத் தள்ளிவையுங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ கூடினால் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

வீட்டிலுள்ள மற்றவர்களும் தடுப்பூசி போட்டுக்கொள்வது, நோயாளியைச் சுற்றி நாம் எழுப்பும் அரணாகும்.

தவக்குல் என்பது முயற்சியைக் கைவிடுவதன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்துள்ளார்கள். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அந்தத் தந்தையிடம் நான் கூறியதையே உங்களிடமும் கூறுகிறேன்: உறவினரின் அச்சத்தைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள், மகளின் மருந்துச் சீட்டுடன் அவளுடைய மருத்துவரிடம் செல்லுங்கள். முயற்சி நம்முடையது, ஷிஃபா அல்லாஹ்விடமிருந்து வருவது.

நோயுற்ற அனைவருக்கும் அவன் பூரண நலம் அருள்வானாக! ஆமீன்.