சிறார்க்குரிய வாரப்பணி



திண்ணைப் பள்ளி நாளில், மாலையில் வீடு திரும்புமுன் உபாத்தியாயர் ஒவ்வொரு சிறுவனுக்கும் ஒரு பூவின் பெயரோ பறவையின் பெயரோ சொல்லி விடுப்பர்; மறுநாட் காலை அதனை மறவாது ஒப்பித்தல் வேண்டும். இக்காலத்திலோ, முதலிரண்டு வகுப்பினர்க்கு வீட்டுப்பாடம் கூடாதென்று சென்னை உயர்நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டில் ஆணையிட நேர்ந்தது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பினர்க்கு வாரத்திற்கு 2 மணி நேரத்திற்கு மேற்படலாகாதென்பது, 2020-ஆம் ஆண்டின் பள்ளிப்பைக் கொள்கை.

நாமும் இதிற் பிழைத்தவரே. ஒரு சிறுமியின் ஏட்டில் பத்துப் பக்கமும் முத்துப்போன்ற எழுத்தைக் கண்டு வகுப்பறியப் புகழ்ந்தோம். அவள் தலைகுனிந்து, "அம்மா எழுதியது, ஐயா" என்றாள். பகலெல்லாம் வயலில் நாற்று நட்ட தாய், இரவில் உறங்காதிருந்து எழுதியது! லகர ளகரப் பிழை ஒன்றேனும் இல்லாதபோதே நாம் ஐயுற்றிருத்தல் வேண்டும்.

அன்றோடு எழுத்துவேலையை ஒழித்தோம். வெள்ளிதோறும் ஒன்றே சொல்லியனுப்புகிறோம்: ஒரு படி அரிசி எத்தனை டம்ளர் கொள்ளுமென அளந்து வருக, அல்லது பாட்டியிடம் ஒரு விடுகதை கேட்டு வருக. நீங்கள் எழுதித் தரவேண்டா. குழந்தை கேட்கும்போது கைப்பேசியைக் கீழே வைத்து விடைகூறுங்கள்.

சென்ற திங்களன்று ஒரு பையன் விடுகதை போட்டான். விடை நமக்குத் தெரியவில்லை. அவனும் சொல்ல மறுத்தான். பாட்டி ஒரு வாரம் பொறுக்கச் சொன்னாளாம். இன்னும் காத்திருக்கிறோம்.