பேட்ஜ் வேண்டாம், ஓட்டு கொடுங்கள்

(புனே அருகே தளேகாவில் தமிழ்ப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த ஊரில் நடந்த ஒரு பள்ளிக்கூடத்தைக் கண்டு வெள்ளைக்கார அரசாங்கமே பயந்திருக்கிறது. பேராசிரியர் விஷ்ணு கோவிந்த் விஜாபூர்கர் தொடங்கிய சமர்த்த வித்யாலயம். சுதேசிக் காலத்துத் தேசியப் பள்ளி. 1910-ல் தடை போட்டு மூடினார்கள். உள்ளே பீரங்கியா வைத்திருந்தார்கள்? பிள்ளைகளைச் சொந்தமாக யோசிக்க வைத்தார்கள், அதுதான் குற்றம். அதே காலத்தில்தான் ஆளுக்கு ஒரு பைசா என்று வசூலித்து, இதே தளேகாவில் பைசா ஃபண்ட் கண்ணாடித் தொழிற்சாலையையும் எழுப்பினார்கள். அப்படிப்பட்ட ஊர் இது.

இன்றைக்கு நம் பிள்ளைகள் போகிற பள்ளிகளைக் கண்டு எந்த அரசாங்கமும் பயப்படவில்லை. பயப்படுகிறவர்கள் உள்ளே இருக்கும் பிள்ளைகள் மட்டும்தான்.

ஜூலை மாதம் வந்தால் பள்ளியில் ஒரு விழா நடக்கிறது. பேண்டு வாத்தியம், அணிவகுப்பு, தலைமை மாணவன், தலைமை மாணவி, தோளில் பட்டுப் பட்டை, சட்டையில் பேட்ஜ். நாமும் போட்டோ எடுத்து ஊரில் இருக்கிற தாத்தாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். இந்தத் தலைவனுக்கு ஓட்டுப் போட்டது யார்? ஆசிரியர் அறையில் நாலு பேர் உட்கார்ந்து, மார்க் பார்த்து, அடக்கமான பிள்ளையா என்று பார்த்து, முடிவு செய்ததுதானே! சரி, அவன் வேலைதான் என்ன? வரிசையைச் சரி செய்வது. தாமதமாக வந்தவன் பேரைக் குறிப்பது. வாத்தியார் இல்லாதபோது பேசியவன் பேரைக் கரும்பலகையில் எழுதுவது. தேயிலைத் தோட்டத்தில் இந்த வேலை பார்த்தவனைக் கங்காணி என்றார்கள். நாம் மாணவர் மன்றம் என்கிறோம். (சிரிப்பு)

சிரிக்காதீர்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. சபை குழந்தை உரிமை உடன்படிக்கையை ஏற்றது. 1992 டிசம்பரில் இந்தியா அதில் சேர்ந்தது. அதன் 12-வது பிரிவு, குழந்தையைப் பாதிக்கிற எல்லா விஷயத்திலும் அந்தக் குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிக்க வேண்டும் என்கிறது. அப்படிச் சேரும்போது இந்தியா குழந்தைத் தொழிலாளர் பற்றிய 32-வது பிரிவுக்கு மட்டும் ஒரு விளக்கம் எழுதி வைத்தது, படிப்படியாகத்தான் செய்ய முடியும் என்று. 12-வது பிரிவுக்கு ஒரு முணுமுணுப்பும் இல்லை. முழுசாக ஒத்துக்கொண்டது. முப்பது வருஷம் தாண்டிவிட்டது. எந்தப் பள்ளியில் கேட்கிறார்கள்?

அடுத்தது 2009-ன் கல்வி உரிமைச் சட்டம். 17-வது பிரிவு, அடிக்கக் கூடாது, மனதளவில் துன்புறுத்தவும் கூடாது என்கிறது. 29-வது பிரிவு, பயமில்லாமல் பிள்ளை தன் கருத்தைச் சொல்ல வகை செய்யச் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் யாருக்கு? 6 வயதிலிருந்து 14 வரை. எட்டாம் வகுப்போடு சரி. பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் கால் வைக்கிற அன்றைக்குச் சட்டம் கை கழுவிவிடுகிறது. ஓட்டுரிமையோ 18-ல். அதுவும் 1989-க்கு முன் 21. இடையில் இருக்கும் இந்த நாலு வருஷம்தான் டியூஷன், பத்தாம் வகுப்புத் தேர்வு, படிப்பை நிறுத்திவிடலாமா என்ற பேச்சு, பெண் பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கலாமா என்ற பேச்சு எல்லாம் வந்து விழுகிற வருஷங்கள். எப்போது அதிகமாகக் கேட்க வேண்டுமோ, அப்போது கேட்க ஆளில்லை.

பத்லாபூரை மறந்திருக்க மாட்டீர்கள். 2024 ஆகஸ்ட். பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இரண்டு சின்னஞ்சிறு பெண் குழந்தைகளுக்குக் கொடுமை நடந்தது. ஜனங்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள், ரயில் நின்றது. அதற்குப் பிறகுதான் ஒன்று தெரிய வந்தது. பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பள்ளிதோறும் ‘சகி சாவித்ரி’ குழு அமைக்க வேண்டும் என்று மகாராஷ்டிர அரசு 2022 மார்ச்சிலேயே உத்தரவு போட்டிருந்தது. மாணவப் பிரதிநிதிகளுக்கும் அதில் இடம் உண்டு. பல பள்ளிகளில் அந்தக் குழு அமைக்கப்படவே இல்லை. உடனே புது உத்தரவு: சிசிடிவி மாட்டு, புகார்ப் பெட்டி வை. மாட்டட்டும், வைக்கட்டும். காமிரா பார்க்கும், ஒரு பிள்ளை தயங்கித் தயங்கிச் சொல்வதை அது கேட்குமா? புகார்ப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது? திறக்கும்போது மாணவர்களில் ஒருவராவது பக்கத்தில் நிற்கிறாரா? நாளைக்கே போய் விசாரியுங்கள்.

பள்ளியில் தேர்தல் என்றால் அரசியல் நுழைந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். மகாராஷ்டிரத்தில் இந்தப் பேச்சுக்கு ஒரு கதை உண்டு. 1989-ல் மும்பையில் ஒரு கல்லூரி மாணவர் கொலை செய்யப்பட்டார். அதைக் காட்டியே தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்லூரித் தேர்தலை நிறுத்தினார்கள். 2016-ல் வந்த பல்கலைக்கழகச் சட்டம் மறுபடி இடம் கொடுத்தும், தேர்தல் தள்ளித்தள்ளிப் போனது. கல்லூரியில் ரவுடித்தனம் நடந்ததற்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் வாயைக் கட்டுவது என்ன நியாயம்? கேரளத்தில் பள்ளி நாடாளுமன்றத் தேர்தல் நடக்கிறது. பிள்ளைகள் வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறார்கள். பள்ளி இடிந்து விழவில்லை. ராஜஸ்தானில் திலோனியா என்று ஒரு கிராமம். பகலில் ஆடு மாடு மேய்க்கிற பிள்ளைகளுக்கு அங்கே இரவுப் பள்ளி. அந்தப் பிள்ளைகள் ஓட்டுப் போட்டு ஒரு நாடாளுமன்றம் வைத்திருக்கிறார்கள். வாத்தியார் ஒழுங்காக வருகிறாரா என்று அவர்கள்தான் பார்க்கிறார்கள்! நம் தமிழ்நாட்டில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று குழு பிரித்து ‘மகிழ் முற்றம்’ வந்திருக்கிறது. பேர் அழகாக இருக்கிறது, எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் குழுவுக்குப் புள்ளி போடுவது வேறு, கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று தலைமை ஆசிரியரைக் கேள்வி கேட்பது வேறு.

வார்சா நகரில் யானுஷ் கோர்சாக் என்று ஒரு டாக்டர் அநாதை இல்லம் நடத்தினார். அங்கே நீதிமன்றம் நடத்தியதும் பிள்ளைகள், தீர்ப்புச் சொன்னதும் பிள்ளைகள். தன் மேல் வந்த வழக்குக்கு அவரே அந்தப் பிள்ளைகள் முன்னால் பதில் சொன்னார். 1942-ல் நாஜிகள் அந்தக் குழந்தைகளை ட்ரெப்ளிங்காவுக்கு இழுத்துப் போனபோது, தப்பிக்க வழியிருந்தும் அவர்களை விட்டுப் பிரியாமல் கூடவே போய் மாண்டார். பிள்ளைகளுக்கு அதிகாரம் கொடுத்தால் மரியாதை போய்விடும் என்கிற வாத்தியார்கள் அவரைப் பற்றிப் படிக்கட்டும்.

வார்சாவரைக்கும் எதற்கு? இங்கே இருக்கிறது புனே. ஜோதிராவ் புலேயும் சாவித்ரிபாயும் 1848-ல் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்த ஊர். அவர்களிடம் முக்தா சால்வே என்று, தீண்டாமைக்கு ஆளான மாங் சாதிச் சிறுமி ஒருத்தி படித்தாள். 1855-ல், ஏறக்குறைய 14 வயதில், மகார்களும் மாங்குகளும் படும் துயரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். ‘ஞானோதய’ பத்திரிகை அதை அச்சிட்டது. எங்கள் மதம் எது என்று கடவுளையே பார்த்துக் கேட்டாள் அந்தப் பெண்! அவளுடைய வாத்தியார், இதெல்லாம் உனக்கு எதற்கு, பாடத்தைப் படி என்று சொல்லியிருந்தால் அந்தக் கட்டுரை ஏது? நூற்றெழுபது வருஷம் கழித்து, அதே ஜில்லாவில், வகுப்பில் மின்விசிறி ஓடவில்லை என்று சொல்ல நம் பிள்ளை பயப்படுகிறான்.

பள்ளிக்கூடத்தை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று பார்க்காதீர்கள். ‘கண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சுடுங்க சார்’ என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைத்த பரம்பரை நாம். ‘அடியாத மாடு படியாது’ என்று பழமொழி வேறு. பிள்ளையை மாட்டோடு சேர்த்த பழமொழியை இன்னும் எத்தனை நாளைக்குப் பெருமையாகச் சொல்வது? நம் வீட்டில் நடப்பதைப் பாருங்கள். மராத்தியில் வரும் சுற்றறிக்கையைப் படித்துச் சொல்வது யார்? பேங்க் ஃபார்மை நிரப்புவது யார்? ஆதார் திருத்தத்துக்குக் கவுண்டரில் நின்று பேசுவது யார்? அந்தப் பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளைதான். குடும்பத்தின் காரியத்தையே அவன் வாயை நம்பி நடத்துகிறோம். அவன் பள்ளிக்கூடத்துக் காரியத்தில் மட்டும் அவன் வாயை மூடிக்கொள்ள வேண்டுமாம்!

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. வகுப்புக்கு ஒரு பையன், ஒரு பெண், ரகசிய ஓட்டில். யார் நிற்கலாம் என்பதில் மார்க்கும் பார்க்கக் கூடாது, வாத்தியார் சிபாரிசும் கூடாது. மாதம் ஒருமுறை கூட்டம், என்ன பேசுவது என்பதைப் பிள்ளைகளே எழுதட்டும். பேசியதைக் குறிப்பேட்டில் பதியட்டும், நிர்வாகம் எழுத்தில் பதில் தரட்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்று எழுதட்டும். தண்ணீர், கழிவறை, பள்ளிப் பஸ், தண்டனை, எதையும் அவர்கள் பேசலாம். பதில் வராத மன்றம் பேட்ஜ் மாட்டாத கங்காணிக் கூட்டம்தான், அதை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும். முதல் பெற்றோர் கூட்டத்துக்கு அரை நாள் சம்பளம் போனாலும் போங்கள். எழுந்து நின்று, மாணவர் மன்றத் தேர்தல் எந்தத் தேதியில் என்று கேளுங்கள். மராத்தி தடுமாறினால் பக்கத்தில் உங்கள் பிள்ளை இருக்கிறான், அவனையே பேசச் சொல்லுங்கள்.