கோப்பில் பிழையும் இருக்கட்டும்

(சல்லியில், ஆசிரியப் பயிற்சி பெறும் பழைய மாணவியருக்கு ஆற்றிய உரை)



1923 இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் தொடங்கிய நம் கல்லூரியின் பழைய மாணவியரிடம் கற்பித்தல் பற்றிப் பேச ஒரு வைத்தியரை ஏன் அழைத்தார்கள் என்று நினைப்பீர்கள். நீங்கள் கல்வியியற் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்து, மூன்றாம் ஆண்டைப் பாடசாலையில் கழிக்கிறீர்கள். நாங்களும் பட்டம் பெற்றபின் ஓராண்டு உள்ளகப் பயிற்சி முடித்தே முழுப் பதிவு பெறுகிறோம்.

அந்த ஆண்டில் ஓரிரவு, ஒரு நோயாளியின் குறிப்பில் ‘நலமாக உள்ளார்’ என்று எழுதினேன். காலையில் மூத்த வைத்தியர், “எதைப் பார்த்து எழுதினீங்கள்?” என்று கேட்டார். நான் நாடியைக்கூட எண்ணியிருக்கவில்லை. அவர் நலமாகத்தான் இருந்தார். அது என் திறமையல்ல.

உங்கள் இலத்திரனியல் கற்பித்தல் கோப்புகள் சிலவற்றைப் பார்த்தேன். வர்ணமும் படங்களும் நிறைய. ‘பாடம் சிறப்பாக நடந்தது’ என்ற வரியும் உண்டு. எதைப் பார்த்து எழுதினீர்கள்?

ஒரு பிள்ளை 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறாள் என்று வைப்போம். தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டிவிட்டாள். அந்தத் தாளைப் படம்பிடித்துக் கோப்பில் இடுங்கள். மறுநாள் ஒரு கடதாசிக் கீற்றை ஆறு சமபங்காக மடித்து, பாதி மூன்று பங்கு, மூன்றிலொன்று இரண்டு பங்கு, சேர்ந்தால் 5/6 என்று காட்டுகிறீர்கள். அந்தப் பாடக்குறிப்பை அடுத்து வையுங்கள். பின்பு அவள் தானாகச் செய்த கணக்கை வையுங்கள். மூன்றே பக்கம்; நீங்கள் கற்பித்ததற்கு அதுவே சாட்சி. அவளுக்கு இன்னும் விளங்கவில்லையென்றால் அதையும் எழுதுங்கள்.

பிள்ளையின் பெயரையும் முகத்தையும் மறைத்துவிடுங்கள். நோயாளியின் படத்தைச் சம்மதமின்றி நாங்கள் காட்டுவதில்லை. சல்லி போன்ற ஊரில் கையெழுத்தைக் கண்டாலே யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். அவளுடைய பிழை ஊர்ப்பேச்சாகக் கூடாது. கோப்பை உங்கள் விரிவுரையாளரும் அதிபரும் மட்டும் திறக்கும்படி வையுங்கள். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென 2022 முதல் நம் நாட்டில் சட்டமும் உண்டு.

2004 ஆழிப்பேரலையில் சான்றிதழ்களைப் பறிகொடுத்தவர்கள் நம் கரையோரத்தில் எத்தனை பேர்! எல்லாவற்றையும் ஒரே கைபேசியில் வைக்காதீர்கள். இணையச் சேமிப்பில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று என இரண்டு பிரதி இருக்கட்டும்.

இன்றிரவே கோப்பைத் திறந்து, இந்த வாரம் சரிவராத ஒரு பாடத்தை எழுதுங்கள். நாளை என்ன மாற்றப்போகிறீர்கள் என்பதை அதன் கீழே எழுதுங்கள்.