இரு கரைகளை இணைத்த இருப்புப் பாதை

இந்தியாவின் முதல் பயணிகள் புகைவண்டி 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயிலிருந்து தாணாவுக்கு ஓடியது என்பதை மாணவர் அனைவரும் அறிவர். கிழக்குக் கடற்கரையையும் மேற்குக் கடற்கரையையும் இணைத்த பழைய பாதை எது என்று வினவினால், பலர் பம்பாய்–கல்கத்தா பாதையைக் குறிப்பிடக்கூடும். அப்பாதை 1870-இல்தான் முழுமை பெற்றது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1862-இல், சென்னை இராயபுரத்திலிருந்து மலபார்க் கரையிலுள்ள பேப்பூர் வரை ஏறத்தாழ 650 கிலோமீட்டர் நீளப் பாதை நிறைவெய்தியிருந்தது. அதன் வரலாறு, திட்டமிடுவோர் அனைவரும் கருதத்தக்க ஒன்று.

சென்னை இரயில்வே கம்பெனியின் பணி 1853 ஜூனில் தொடங்கியது. 1856 ஜூலை 1 அன்று இராயபுரம்–வாலாஜா பகுதி திறக்கப்பட்டது. மேற்கு முனையிலிருந்தும் வேலை நடந்தது. 1861 மார்ச் 12 அன்று பேப்பூருக்கும் திரூருக்கும் இடையே வண்டி ஓடியது. ஜோலார்பேட்டை, சேலம், போத்தனூர், பாலக்காடு வழியாக இரு பகுதிகளும் இணைந்தன.

இயற்கை தந்த வாயில்

இவ்வளவு விரைவில் பணி முடிந்ததற்குப் பாலக்காட்டுக் கணவாயே முதற்காரணம். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கு சுமார் 30 கிலோமீட்டர் அகலத்திற்கு இடைவெளி விட்டு நிற்கிறது. பம்பாய்க்கு அப்பாலுள்ள போர்காட் மலைச்சரிவிலோ பல குகைகள் குடைந்து, செங்குத்தான ஏற்றத்தில் பாதையமைக்க வேண்டியிருந்தது. நிலத்தின் அமைப்பை அறிந்து வழி தேர்ந்தமை இத்திட்டத்தின் சிறப்பு.

துறைமுகமற்ற முனைகள்

ஆயினும் பாதையின் இரு முனைகளிலும் தக்க துறைமுகம் இல்லை. சென்னையில் கப்பல்கள் கரைக்கு அப்பால் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டன. சரக்குகளை மசூலாப் படகுகள் அலைகளினூடே சுமந்து வந்தன. இரும்புப் பாலத்துறை 1861-இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. துறைமுகப் பணி 1870-களின் நடுவில் தொடங்கிற்று. 1881-ஆம் ஆண்டுப் புயல் அதன் அலைதடுப்புச் சுவர்களைச் சிதைத்தது.

மேற்கு முனையின் நிலையும் இத்தகையதே. நிலையத்தின் பெயர் பேப்பூர். அது அமைந்த இடமோ ஆற்றின் தென்கரையிலுள்ள சாலியம். வணிக நகரமான கோழிக்கோடு ஆற்றுக்கு அப்பால் இருந்தது. 1888-இல் பாதை கடலுண்டியிலிருந்து திருப்பப்பட்டு, ஆற்றைக் கடந்து கோழிக்கோட்டை அடைந்தது. பழைய கடைசி நிலையம் கைவிடப்பட்டது. கால் நூற்றாண்டுக் காலம் வண்டி நகரின் வாயில்வரை வந்து நின்றதேயன்றி உள்ளே நுழையவில்லை.

செலவும் பயனும்

இப்பிழைகளின் சுமை கம்பெனியைச் சாரவில்லை. நிலம் இலவசமாக அளிக்கப்பட்டது. முதலீட்டுக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு வருவாயை அரசு உறுதி செய்திருந்தது. வருமானம் குறைந்தால் எஞ்சிய தொகை மக்களின் வரிப்பணத்திலிருந்து சென்றது. ஆகவே சிக்கனத்துக்குத் தூண்டுகோல் குறைந்தது. தண்டவாளக் கட்டைகளுக்கும் எரிபொருளுக்குமாகக் காடுகளும் பெருமளவில் வெட்டப்பட்டன.

1876–78 பெரும் பஞ்சம் இப்பாதைக்குச் சோதனையாயிற்று. சென்னையில் இறங்கிய தானியத்தை வண்டிகள் உள்மாவட்டங்களுக்குக் கொண்டு சென்றன, இச்சேவை சிறிதன்று. ஆனால் நிலையத்திலிருந்து சிற்றூருக்குச் செல்ல மாட்டுவண்டியே துணை; மாடுகளோ தீவனமின்றி மடிந்துகொண்டிருந்தன. அன்றியும், வண்டி தானியத்தைச் சுமந்ததேயன்றி, அதை வாங்கும் ஆற்றலை ஏழை உழவனுக்கு வழங்கவில்லை. வேலையும் கூலியும் இழந்தவன் கண்முன் மூட்டைகள் இருந்தும் பட்டினி கிடந்தான்.

1907-இல் பாதை மங்களூரை எட்டியது. 1908-இல் கம்பெனியின் தனி வாழ்வு முடிவுற்றது. பாலக்காட்டு வழியோ இன்றும் தமிழகத்தையும் கேரளத்தையும் இணைக்கும் உயிர்நாடியாக விளங்குகிறது. பாதை அமைப்போர் நிலப்படத்தில் இரு புள்ளிகளை இணைப்பதோடு நின்றுவிடலாகாது. முனையில் துறைமுகம், வழியில் சிற்றூர்ச் சாலை, மக்களின் கையில் வாங்கும் ஆற்றல் ஆகியவற்றையும் ஒருங்கே எண்ணுதல் வேண்டும். அவ்வாறு எண்ணாதபோது செலவைச் சுமப்பவர் யார் என்பதற்கு இராயபுரம்–பேப்பூர் பாதையின் வரலாறே சான்று.